முதல் ரூபாய் ஊசிக்கு

வீட்டுக்கு நாய்க்குட்டி வரப்போகிறது என்று முடிவானதும் முதலில் நடப்பது கடைக்குப் போவதுதான். சென்னை, கோவை, மதுரை என்று எந்த ஊரை எடுத்தாலும் செல்லப்பிராணிக் கடை இல்லாத வட்டாரம் குறைந்துவிட்டது. கைப்பேசியில் தட்டினால் பஞ்சு மெத்தையும் வண்ணக் கழுத்துப்பட்டையும் மறுநாளே வாசலுக்கு வந்துவிடுகின்றன. ஆசையாக வாங்குவதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் எதை வைத்து வாங்குகிறோம்? கடையில் கண்ணுக்கு எதிரே அடுக்கியிருப்பதை வைத்தா, வரப்போகும் குட்டிக்கு இந்த ஊரில், இந்த வெயிலில், முதல் சில மாதங்களில் எது உயிராபத்து என்பதை வைத்தா? ஆபத்தில் இருந்து கணக்குப் போட்டால் பட்டியலின் வரிசையே மாறிவிடும். மேலே இருக்கும் மெத்தையும் பொம்மையும் கீழே போகும். கடையில் பார்வைக்கே வராத சில பொருள்கள் மேலே ஏறும். செலவும் பெரும்பாலும் குறையும். அந்த வரிசையில் முதலிடம் பிடிப்பது கடையில் விற்காத ஒன்று: தடுப்பூசி.

நம் ஊரில் குட்டிகளைக் கொண்டுபோகும் நோய்களில் முன்வரிசையில் நிற்பது பார்வோ. 1978 வாக்கில் உலகம் முழுவதும் பரவிய இந்த வைரஸ் குடலைத் தாக்குகிறது. காலையில் ஓடி விளையாடிய குட்டி மாலையில் மூலையில் சுருண்டு படுக்கும், பிறகு வாந்தி, அடுத்து ரத்தம் கலந்த, மறக்க முடியாத நாற்றத்தோடு கழிச்சல். உடம்பில் நீர் வற்றி இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடலாம். பிழைக்க வைக்க நாள்கணக்கில் டிரிப்ஸ் ஏற்ற வேண்டும், ஆயிரக்கணக்கில் செலவாகும், அப்போதும் உறுதி கிடையாது. தடுக்கவோ சில ஊசிகள் போதும். குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரம் ஆகும்போது கூட்டுத் தடுப்பூசியைத் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் ஆகும்வரை போட வேண்டும். ஒரே ஊசியைத் திரும்பத் திரும்பப் போடுவது மருத்துவர் பணம் பார்க்கும் வழி என்று நினைப்பவர்கள் உண்டு. காரணம் வேறு. தாயின் சீம்பாலில் வந்த எதிர்ப்புசக்தி குட்டியின் உடம்பில் இருக்கும்வரை ஊசியை வேலை செய்யவிடாது. அது எந்த வாரத்தில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அந்த இடைவெளியில் குட்டி சிக்கிவிடக் கூடாது என்பதற்காகத்தான் தொடர் ஊசி. எனவே குட்டியை வாங்கும்போதோ தத்தெடுக்கும்போதோ முதலில் கேட்டு வாங்க வேண்டியது தடுப்பூசி அட்டை. எந்த ஊசி, எந்தத் தேதி, மருந்துக் குப்பியின் ஒட்டுச்சீட்டு, மருத்துவரின் கையெழுத்து எல்லாம் அதில் இருக்க வேண்டும். ‘எல்லாம் போட்டாச்சு சார்’ என்ற வாய்ச்சொல் ஊசியாகாது. நாய் இனப்பெருக்கம், விற்பனை குறித்த 2017ஆம் ஆண்டின் மத்திய விதிகள் எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கக் கூடாது என்கின்றன. பால்குடி மறக்காத குட்டியைக் கூடையில் வைத்து விற்பவரிடம் வாங்காமல் இருப்பதும் இந்தத் தயாரிப்பில் சேர்த்தி.

இதே நோயால் வீட்டில் முன்பு ஒரு நாய் இறந்திருந்தால் இன்னொரு எச்சரிக்கையும் தேவை. பார்வோ வைரஸ் தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிர்ப்போடு கிடக்கக்கூடியது. சோப்பும் பினாயிலும் அதற்குப் போதா. ஒரு பங்கு பிளீச் திரவத்தில் முப்பது பங்கு தண்ணீர் கலந்து, அழுக்கு நீக்கிய தரையில் ஊற்றி, பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவ வேண்டும். பழைய நாயின் தட்டு, விரிப்பு எதையும் புதுக் குட்டிக்குக் கொடுக்கக் கூடாது. பட்டியலில் ஒரு பிளீச் பாட்டில் இடம்பெறுவது அழகாக இல்லைதான்; ஆனால் பல வீடுகளில் இரண்டாவது குட்டியும் முதல் குட்டி போன வழியே போனதற்கு, தரை சுத்தமாகிவிட்டது என்ற நம்பிக்கையே காரணம்.

பார்வோ குட்டியோடு நிற்கும். ரேபிஸ் வீட்டு மனிதர்களையும் சேர்த்துக் கொண்டுபோகும். உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 59,000 பேர் இந்நோயால் இறக்கிறார்கள் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. மனிதருக்கு வரும் ரேபிஸில் 99 சதவீதம் வரை நாய் வழியாக வருவது. இறப்பவர்களில் பத்தில் நான்கு பேர் 15 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்ற வழியில்லை என்று சொல்லிவிடலாம். குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் ரேபிஸ் ஊசி, பிறகு மருத்துவர் சொல்லும் தேதிகளில் மறு ஊசி. அதுவரை, ‘வீட்டுக் குட்டிதானே’ என்று அதன் பல் பட்ட கீறலை அலட்சியப்படுத்தக் கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பதினைந்து நிமிடம் என்பது கடிகாரத்தைப் பார்த்துக் கழுவ வேண்டிய அளவு. பலர் ஒரே நிமிடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். ஆக, குளியலறையிலும் பின்வாசல் குழாயடியிலும் எப்போதும் ஒரு சோப்புக் கட்டி. இதைவிட மலிவான உயிர்காப்பு இந்தப் பட்டியலில் வேறில்லை.

இங்கே ஒரு மறுப்பு வரும்: இத்தனை ஊசி போட வசதி உள்ளவர்தான் நாய் வளர்க்க வேண்டுமா, ஏழை வீட்டில் நாய் இருக்கக் கூடாதா? நியாயமான கேள்வி. ரேபிஸ் ஊசியை அரசு கால்நடை மருத்துவமனைகளில் மிகக் குறைந்த செலவில் போட்டுக்கொள்ள முடியும். உலக ரேபிஸ் தினமான செப்டம்பர் 28ஐ ஒட்டிப் பல ஊர்களில் இலவச முகாம் நடக்கிறது. சென்னையில் 1903இல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கு ஆட்டோவில் நாயைத் தூக்கிக்கொண்டு வருபவர்களில் எல்லா வருமானக்காரர்களும் உண்டு. கூட்டுத் தடுப்பூசிக்குக் கைக்காசு செலவாகலாம். அதனால்தான் வரிசை முக்கியம். கையில் மூவாயிரம் ரூபாய் இருக்கும் குடும்பம் மெத்தை, கூடை, உடுப்பு என்று அதைத் தீர்த்துவிட்டு ஊசியை அடுத்த மாதத்துக்குத் தள்ளினால், ஏமாறுவது குட்டி. அதே குடும்பம் ஊசியை முதலில் போட்டுவிட்டு மீதிக்கு வீட்டில் இருக்கும் பொருளையே பயன்படுத்தினால், குட்டிக்கு ஒரு குறையும் வராது.

அடுத்து உண்ணி. நம் தட்பவெப்பம் அதற்கு ஆண்டு முழுவதும் சாதகம். நாய் உண்ணி வழியாகப் பரவும் ரத்த ஒட்டுண்ணி ஒன்றை விஞ்ஞானம் முதன்முதலில் அடையாளம் கண்டதே இந்த மண்ணில்தான். மெட்ராஸ் வேட்டைக் குழுவின் நாய்களுடைய ரத்தத்தில் பேட்டன் என்ற ஆராய்ச்சியாளர் அதைக் கண்டு 1910இல் எழுதினார். இன்று அதன் பெயர் பபேசியா கிப்சோனி. இதுவும் எர்லிக்கியா என்னும் இன்னொரு கிருமியும் சேர்ந்துதான் நாய் வளர்ப்பவர்கள் ‘உண்ணிக் காய்ச்சல்’ என்று பொதுவாகச் சொல்லும் தொல்லையைத் தருகின்றன: காய்ச்சல், சாப்பாட்டில் வெறுப்பு, ஈறு வெளிறிப்போவது, சில நாய்களுக்கு மூக்கில் ரத்தம். உண்ணியைப் பார்க்க வேண்டிய இடங்கள் உண்டு. காது மடலைத் திருப்பி உட்புறம், கழுத்துப்பட்டைக்குக் கீழே, முன்கால் அக்குள், விரல்களுக்கு இடையில் உள்ள தோல். ரத்தம் குடித்த பெண் உண்ணி ஆமணக்குக் கொட்டை போலச் சாம்பல் நிறத்தில் உப்பியிருக்கும். அது நாயின் மேல் முட்டையிடுவதில்லை. கீழே விழுந்து சுவர் விரிசலிலோ கதவு நிலையின் இடுக்கிலோ மெத்தையின் மடிப்பிலோ ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. நாய்க்கு மருந்து போட்டும் உண்ணி திரும்பத் திரும்ப வருகிறது என்று அலுத்துக்கொள்பவர்கள் மருந்தைக் குறை சொல்லிப் பயனில்லை. வீட்டுச் சுவரைப் பார்க்க வேண்டும்.

மெத்தை பற்றிய முடிவும் இதிலிருந்தே வருகிறது. உறை கழற்ற முடியாத பஞ்சு மெத்தை இங்கே உண்ணிக்கு வீடு, வெயில் காலத்தில் நாய்க்கு அடுப்பு, மழைக்காலத்தில் ஈர நாற்றம். பழைய பருத்திப் புடவையை நான்காக மடித்துச் சாக்கின் மேல் விரித்தால் போதும். இரண்டு செட் இருந்தால் ஒன்று வெந்நீரில் துவைத்து வெயிலில் காயும்போது மற்றொன்று விரிப்பில் இருக்கும். வழவழப்பான டைல்ஸ் தரையில் குட்டியின் பின்னங்கால் சறுக்கும். அது நடமாடும் இடத்தில் ஒரு பாய் போட வேண்டும். உண்ணிக்கான மருந்தைக் கடையில் கேட்டு வாங்காமல், குட்டியின் வயதையும் எடையையும் பார்த்து மருத்துவர் எழுதியதை வாங்க வேண்டும். சில நாய் மருந்துகளில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்கு நஞ்சு என்பது பூனையும் உள்ள வீட்டில் நினைவிருக்கட்டும். மண்ணெண்ணெய் தடவுவது, தீக்குச்சியால் சுடுவது போன்ற கைவைத்தியங்கள் நாயின் தோலைப் புண்ணாக்குவதோடு சரி.

வெப்பத்தைப் பற்றிச் சொல்லாமல் தமிழ்நாட்டில் நாய்க்குப் பட்டியல் போட முடியாது. நாய்க்கு வியர்வை பெயரளவுக்குப் பாதங்களில் மட்டும். நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்து, அந்த ஈரம் ஆவியாகும்போதுதான் அதன் உடம்பு குளிர்கிறது. காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும் கடலோர ஊர்களில் அந்த ஈரம் சரியாக ஆவியாவதில்லை. வெயிலோடு புழுக்கமும் சேர்ந்தால் நாய் இரட்டைச் சுமை சுமக்கிறது. முகம் தட்டையான பக் இனத்துக்கு மூச்சுப் பாதையே குறுகல். 2003இல் வந்த ஹட்ச் கைப்பேசி நிறுவன விளம்பரத்துக்குப் பிறகு அந்த நாய்க்கு இந்தியா முழுவதும் கிராக்கி ஏற்பட்டது. விளம்பரத்தில் சிறுவன் பின்னால் ஓடிய நாய்க்கு நம் மே மாதத்து மதியத்தில் மூச்சு வாங்கும் என்பதை வாங்கியவர்கள் யோசித்திருந்தால் பல உயிர்கள் தவிப்பில் இருந்து தப்பியிருக்கும். எந்த நாய் என்று முடிவு செய்யும்போதே பாதிச் செலவு முடிவாகிவிடுகிறது. பனிநாட்டு ஹஸ்கிக்குக் குளிர்சாதனம் அத்தியாவசியப் பொருள். 2005இல் அஞ்சல் தலையில் இடம்பெற்ற ராஜபாளையத்துக்கோ, சிப்பிப்பாறைக்கோ, தெருவில் இருந்து எடுத்த நாட்டுக் குட்டிக்கோ நிழலும் காற்றோட்டமும் தண்ணீரும் போதும். தண்ணீருக்கு அகலமான, கனமான எவர்சில்வர் பாத்திரம் இரண்டு: ஒன்று உள்ளே, ஒன்று நாய் நடமாடும் வெளிப்பகுதியில். பிளாஸ்டிக் கீறலில் பாசி பிடிக்கும், குட்டி கடித்தும் தின்னும். இவற்றோடு ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர். மூக்கு ஈரமாக இருந்தால் காய்ச்சல் இல்லை என்ற நம்பிக்கை தவறு. நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை, அதை ஆசனவாயில் வைத்துத்தான் அளக்க வேண்டும். காய்ச்சல் என்று தெரிந்தால் நமக்கு வாங்கிய மாத்திரையைக் கொடுக்கக் கூடாது. இபுபுரூஃபன் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

வாங்கவே கூடாத பொருள் ஒன்று இருக்கிறது: இரும்புச் சங்கிலி. நாய் என்றாலே சங்கிலி என்ற பழக்கம் நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், நியாயமற்ற அளவு குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பதை வதை என்கிறது. வழக்கமாகக் கட்டிவைக்கும் நாயை நடக்கவோ ஓடவோ விடாத உரிமையாளரும் அதே பிரிவில் குற்றவாளி. கட்டிவைத்தால்தான் நாய்க்கு ரோஷம் வரும், காவல் காக்கும் என்று வாதிடுபவர்களுக்கு ஒரு பதில் உண்டு. நாள் முழுக்கக் கட்டுண்ட நாய் ஓட வழியில்லாததால் கடிக்கப் பழகுகிறது. தபால்காரரையும் பக்கத்து வீட்டுக் குழந்தையையும் அது ஒரே மாதிரிதான் பார்க்கும். அது காவல் ஆகாது. சங்கிலிக்குப் பதில் ஆறடி நீளமுள்ள பருத்தி அல்லது நைலான் வாரும், கழுத்துக்கும் பட்டைக்கும் இடையே இரண்டு விரல் நுழையும் அளவுக்கு ஒரு பட்டையும் போதும். குட்டி வளர வளர இறுகுகிறதா என்று வாரத்துக்கு ஒருமுறை விரலை விட்டுப் பார்க்க வேண்டும். பட்டையை மாற்ற மறந்து தோலோடு ஒட்டிப் புண்ணான கழுத்துகளைக் கால்நடை மருத்துவர்கள் பார்த்தபடிதான் இருக்கிறார்கள். பட்டையில் சலங்கை வேண்டாம். நம்மைவிடக் கூர்மையான காதுக்கு அது ஓயாத இரைச்சல். அதே இடத்தில் கைப்பேசி எண் பொறித்த ஒரு தகட்டை மாட்டலாம். தீபாவளி வெடிச்சத்தத்தில் மிரண்டு ஓடிய நாய் எத்தனை தெரு தாண்டினாலும் வீடு திரும்ப அந்தத் தகடு வழிகாட்டும். சென்னை மாநகராட்சி எல்லைக்குள் வளர்ப்பு நாய்க்கு உரிமம் கட்டாயம். அதற்கு ரேபிஸ் ஊசிச் சான்று கேட்பார்கள். ஊசி அட்டையின் பயன் அங்கேயும் நீள்கிறது.

உணவில் இரண்டு கட்சி இருக்கிறது. ‘சோறு நாய்க்கு ஆகாது, பாக்கெட் உணவுதான் சரி’ என்பது ஒன்று. ‘நாம் தின்னும் மிச்சமே போதும்’ என்பது மற்றொன்று. இரண்டுமே பாதி சரி. ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள் 2013இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு, மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணு ஓநாயிடம் இரண்டு பிரதிகளே இருக்க, நாயிடம் நான்கு முதல் முப்பது வரை இருப்பதைக் காட்டியது. மனிதனோடு வாழ்ந்து மனிதன் உணவுக்குப் பழகிய விலங்கு அது. சோறு அதற்கு நஞ்சல்ல. ஆனால் சோறு மட்டும் என்றால் வளரும் குட்டிக்குப் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் போதாமல் கால் வளையும். முட்டை, உப்பும் மசாலாவும் சேர்க்காமல் வேகவைத்த கோழி அல்லது மீன், இவற்றோடு சோறு என்று கொடுப்பவர் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். அதற்கு நேரமில்லாதவருக்குக் குட்டிகளுக்கான பாக்கெட் உணவு சுலப வழி. மிச்சம் போடுவதில் உள்ள சிக்கல் வெங்காயம். நம் சாம்பாரிலும் குழம்பிலும் அது இல்லாத நாளில்லை. வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். திராட்சையும் சாக்லேட்டும்கூட ஆபத்து. பிரியாணி எலும்பு வெந்து காய்ந்தால் ஊசியாக உடையும், குடலைக் குத்தும். முதல் வாரத்துக்கு இன்னொரு விதி: குட்டி முன்பு இருந்த இடத்தில் எதைத் தின்றதோ அதையே வாங்கி வைத்திருந்து, ஒரு வாரம் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்ற வேண்டும். வந்த அன்றே கிண்ணம் நிறையப் பால் வைத்து, மறுநாள் கழிச்சலைக் கண்டு பார்வோ என்று பதறும் வீடுகள் நிறைய.

மீதியை வேகமாகச் சொல்லிவிடலாம். நான்காம் மாதத்தில் 28 பால்பற்கள் விழத் தொடங்கி 42 பற்கள் முளைக்கும். கடிக்க இரண்டு கெட்டி ரப்பர் பொம்மைகள் இருந்தால் சோபா தப்பும். பழைய செருப்பைக் கொடுத்தால் புதுச் செருப்புக்கும் அதுவே கதி. சார்ஜர் வயரைக் குட்டியின் வாய்க்கு எட்டாமல் தூக்கிக் கட்ட வேண்டும். ஒரு கட்டு பழைய செய்தித்தாள், மலம் அள்ள ஒரு கரண்டி, பை. தாயின் வயிற்றிலேயே குட்டிக்கு உருளைப்புழு தொற்றிவிடும். அதன் முட்டை மண்ணில் கிடந்து குழந்தைகளின் கை வழியே வாய்க்குப் போகும். மருத்துவர் சொல்லும் தேதிகளில் பூச்சி மருந்து கொடுப்பது வீட்டுக் குழந்தைகளுக்காகவும்தான். பவுடர், வாசனைத் திரவியம், உடுப்பு எதுவும் தேவையில்லை.

‘அந்தக் காலத்தில் எங்கள் தாத்தா வீட்டு நாய்க்கு யார் ஊசி போட்டார்கள், யார் மெத்தை வாங்கினார்கள், பதினைந்து வருஷம் இருந்ததே’ என்பது இந்தப் பட்டியலுக்கு எதிரான வலுவான குரல். நாட்டு நாய்க்கு எதிர்ப்புசக்தி அதிகம், ஊசி வேண்டாம் என்பதும் இதன் கிளைதான். நம் நினைவில் இருப்பது பிழைத்த நாய். அதோடு பிறந்த ஐந்தாறு குட்டிகள் முதல் மழைக்குள் என்ன ஆயின என்று யாரும் எண்ணி வைக்கவில்லை. தெருவில் திடமாக நடமாடும் நாயைப் பார்த்து இனத்தின் வலிமையை அளப்பவர், செத்துப்போன குட்டிகளைக் கணக்கில் சேர்க்காமல் அளக்கிறார். அந்த நாய் வாழ்ந்த விதமும் வேறு. தோட்டத்தில் நிழல் தேடிப் படுத்தது, வாய்க்காலில் தண்ணீர் குடித்தது, மண்ணைத் தோண்டி உடம்பைக் குளிர வைத்துக்கொண்டது. மூன்றாம் மாடி அடுக்ககத்தில் அடைபட்ட நாய்க்கு இவற்றில் ஒன்றைக்கூடத் தானாகத் தேடிக்கொள்ள வழியில்லை. தண்ணீர், நிழல், நடை, மலம் கழிக்கும் இடம், நோயில் இருந்து காப்பு எல்லாம் நம் கையில் இருந்துதான் வர வேண்டும். தாத்தா வாங்காததை நாம் வாங்க வேண்டியிருப்பதற்கு இதுவே காரணம். பணம் கூடிப்போனதால் வந்த ஆடம்பரம் என்று இதைத் தள்ளிவிட முடியாது.

பணத்தால் வாங்க முடியாத ஒன்றும் இந்தத் தயாரிப்பில் இருக்கிறது. இரண்டு மாதக் குட்டியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்துப் போக வேண்டும், ராத்திரியிலும். விடிகாலையில் வாரைப் பிடித்துக்கொண்டு நடக்கப் போவது யார்? பொங்கலுக்கு எல்லோரும் ஊருக்குப் போகும் நான்கு நாள் நாய் யாரிடம் இருக்கும்? ராத்திரி பதினொரு மணிக்கு வலிப்பு வந்தால் எந்த ஆஸ்பத்திரி திறந்திருக்கும்? பெரிதானதும் தெருவில் விடப்படும் வீட்டு நாய்கள் பலவற்றின் பின்னால், இந்தக் கேள்விகளைக் குட்டி வந்த பிறகு கேட்டுக்கொண்ட வீடு ஒன்று இருக்கிறது. பதில்களைத் தடுப்பூசி அட்டையின் பின்பக்கத்தில் பெயரும் எண்ணுமாக எழுதி வைக்கலாம். எழுதப் பெயர் கிடைக்கவில்லை என்றால், குட்டியை அழைத்துவரும் தேதியைப் பள்ளி விடுமுறைக்கோ அடுத்த ஆண்டுக்கோ தள்ளிவைப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை.